முக்கால் லிட்டர்

மூன்றாம் எண் இயந்திரம் எனக்கு.
பரளி பவர் ஹவுஸிலும் மூன்றாம் யூனிட்தான் பார்த்தேன்.
அதைத் தண்ணீர் சுழற்றியது,
இது என் ரத்தத்தைச் சுழற்றுகிறது.

"ரெண்டரை கிலோ ஏறியிருக்கீங்க சார்"
என்கிறாள் பிரிசிட்டா.
ஏறியது சோறில்லை, தண்ணீர்.
நாளுக்கு முக்கால் லிட்டர் என்பது விதி.
ஞாயிறு இரவு திருட்டுத்தனமாய் இரண்டு டம்ளர்,
அப்புறம் ரசம்.
ரசத்தை யார் கணக்கெடுப்பார்?

மணப்பாட்டுக்காரி. அலைக்குப் பக்கத்தில் பிறந்தவள்.
ஊட்டிக்கு வந்த புதிதில்
படியேறினால் மூச்சு இரைக்குமாம்,
ராத்திரி தலை பிளக்குமாம்.
பிறகு யாரும் சொல்லாமலே
எலும்புக்குள் ரத்தம் கூடுதலாய் ஊறிச்
சரிக்கட்டிக்கொண்டது.
"உடம்புக்கு அதுவாத் தெரியும் சார்" என்றவள்
சட்டென்று நிறுத்தி
ஊசிமேல் இன்னொரு பிளாஸ்திரி ஒட்டினாள்.

நான்கு மணி நேரம். கையை அசைக்கக் கூடாது.
விலாங்கைப் பற்றிச் சொன்னேன்.

தொண்ணூற்றிரண்டு, ஐப்பசி வெள்ளம்.
குப்பை தடுக்கும் கம்பிவலையில்
கிளை, சருகு, செத்த காட்டுக்கோழி,
நடுவே கை நீளத்துக்கு ஒன்று நெளிந்தது.
பாம்பென்று ஜோகி மண்வெட்டியை ஓங்கினான்.
செவுள் திறந்து மூடுவதைப் பார்த்து
மெதுவாய்க் கீழே வைத்தான்.

கடலில் பிறக்கிற மீன்.
கண்ணாடி நூல்போல முகத்துவாரம் நுழைந்து
ஈரப்பாறையில் ஒட்டி ஒட்டி ஏறுவது.
இத்தனை அணை தாண்டி எப்படி வந்ததென்று
எங்கள் வரைபடம் எதிலும் இல்லை.

டீசல் பீப்பாயைக் கழுவி அதில் விட்டோம்.
மண்புழுவைத் தொடவில்லை, முட்டையைத் தொடவில்லை.
வயிறு வெள்ளியாகியிருந்தது.
முகத்துக்குப் பொருந்தாமல் கண் பெருத்திருந்தது.
மீன்வளத்துறையிலிருந்து வந்தவர் குனிந்து பார்த்து,
"இது கிளம்பிருச்சு" என்றார்.
இனி தீனி கிடையாது, குடல் சுருங்கும்.
ஆழத்து இருட்டுக்காகக் கண்ணைச் செய்துகொள்கிறது.
ஆற்றில் இருக்கும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காது,
தோல் வழியே ஊறுவதைச்
சிறுநீராய் இறைத்துக்கொண்டே இருக்கும்.
கடலில் தலைகீழ்.
உடம்பு நீர் உப்புக்கு இழுபடும்,
குடித்துக்கொண்டே இருக்கும்,
குடித்த உப்பைச் செவுள் வெளியே தள்ளும்.
அதே செவுள்தான்.
கதவு திறக்கும் பக்கம் மட்டும் மாறும்.

ஜோகி நம்பவில்லை.
மெஸ்ஸிலிருந்து கல்லுப்பு, தினம் இரண்டு கை.
நைட் ஷிஃப்ட் முழுக்க டார்ச்சும் நாங்களும்.
ஒன்பதாம் நாள், அதிகாலை மூன்றரைக்கு,
தொண்டை அசைந்தது.

குடித்தது.

டர்பைன் சத்தத்துக்கு மேலே
ஜோகி விசிலடித்தது எனக்குக் கேட்டது.

"அப்புறம்? குழம்பா?"
பிரிசிட்டா சிரிக்கவில்லை, நிஜமாய்க் கேட்டாள்.

இல்லை. ஜெர்ரி கேனில் ஊற்றி
வாரியத்து ஜீப்பில் வெள்ளியங்காடு வழியாய்
மேட்டுப்பாளையம் போனோம்.
பாலத்தடியில் பவானியில் விட்டோம்.
உப்புக்குப் பழகிவிட்ட உடம்பை
ஒரே கவிழ்ப்பில் மறுபடி நல்ல தண்ணீருக்கு.
கீழே பவானிசாகர் இருப்பது
திரும்பி வரும்போதுதான் உறைத்தது,
அணையில் சம்பளம் வாங்குகிற எனக்கு.
ஜோகியிடம் சொன்னேன்.
மலையேறும்வரை பேசவில்லை அவன்.
கடைசி வளைவில்,
"ஏறத் தெரிஞ்சதுக்கு எறங்கத் தெரியாதா" என்றான்.
கேள்வியா அது, சமாதானமா,
இன்றுவரை தெரியாது.

இயந்திரம் கூவியது. முடிந்தது.
இரண்டரை கிலோவும் கேனில்,
வெளிறிய மஞ்சளாய்க்கூட இல்லாமல்.
"அதுக்கு ஒம்பது நாள்" என்றாள் பிரிசிட்டா
குழாயைக் கழற்றியபடி, தனக்குத்தானே.

மஞ்சூர் பஸ் முத்தோரை பாலாடா தாண்டியதும்
ஜன்னல் வழியே மேகம் உள்ளே வந்தது.
முன்சீட்டு காரட் மூட்டைகள் மறைந்தன.
உதடு நனைந்தது. நாக்கால் தொட்டேன்.

கணக்கு நோட்டை எடுத்து
இன்றைய தேதிக்கு நேரே
ஒரு புள்ளி வைத்தேன்.